இணைந்த விளக்கப்படங்கள் ஒரே தெரிவைப் பகிர்ந்துகொள்வது எப்படி? மேட்டூர் நீர்மட்ட டாஷ்போர்டில் ஒரு சிக்கல்

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேட்டூர் அணையின் அன்றாட நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றைக் கடந்த 30 ஆண்டுகளுக்குத் திரட்டி, ஒரே பக்கத்தில் பார்க்கும்படி ஒரு டாஷ்போர்டை ஓய்வு நேரத்தில் உருவாக்கி வருகிறேன். ஏறத்தாழ 11,000 நாட்களின் அளவுகள் கையில் இருக்கின்றன. வலைப்பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட் நூலகத்தில் எழுதியிருக்கிறேன், மூன்று படங்கள் ஈசார்ட்ஸில், ஒன்று டி3-இல் (இவை இரண்டும் விளக்கப்படம் வரையும் நூலகங்கள்).

முதல் படம் மேட்டூரின் நீர்மட்டக் கோடு. அதன் கீழே, காவிரியில் மேட்டூருக்கு மேலே கர்நாடகத்தில் உள்ள கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர்மட்டக் கோடு. மூன்றாவது, நீர்வரத்து எந்த அளவில் எத்தனை நாட்கள் இருந்தது என்று காட்டும் ஹிஸ்டோகிராம். நான்காவது, ஜூன் 1 முதல் மே 31 வரையிலான ஒவ்வொரு நீராண்டையும் தனிக் கோடாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒப்பிடும் படம். ஒரு படத்தில் ஒரு காலப்பகுதியை இழுத்துத் தேர்ந்தால், மற்ற மூன்றும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இரண்டு அணைக் கோடுகளையும் ஈசார்ட்ஸின் கனெக்ட் வசதியால் ஒரே குழுவில் சேர்த்தேன். மேட்டூர் படத்தில் 2018 ஜூலையை நெருக்கிப் பார்த்தால், கீழே உள்ள படம் வேறு ஏதோ ஒரு மாதத்தைக் காட்டுகிறது. அதனால் கனெக்டை விட்டுவிட்டு, ஒரு படத்தின் ஜூம் நிகழ்வைக் கேட்டு மற்றொன்றை நானே மாற்றினேன். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தன. ஹிஸ்டோகிராமில் நீர்வரத்து விநாடிக்கு 50,000 கனஅடிக்கு மேற்பட்ட நாட்களைத் தேர்ந்தால், அந்த ஹிஸ்டோகிராமே மற்றப் பட்டைகளை இழந்துவிடுகிறது. தெரிவை அகலப்படுத்த அங்கே பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மூன்றும் வெவ்வேறு பிழைகளா, அல்லது அடிப்படையிலேயே நான் தவறாக யோசித்திருக்கிறேனா?

தறிநூல் எழுதியது:

மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்றே நினைக்கிறேன். முதலாவதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி: கிருஷ்ணராஜசாகரின் அளவுகளும் 30 ஆண்டுகளுக்கு இருக்கின்றனவா?

காவிரிக்கரை எழுதியது:

இல்லை. அது ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைத்தது.

தறிநூல் எழுதியது:

அப்படியானால் காரணம் தெளிவாகிவிட்டது. ஈசார்ட்ஸில் நெருக்கிப் பார்க்க உதவும் டேட்டாஜூம், தான் காட்டும் பகுதியை 0 முதல் 100 வரையிலான விழுக்காடாக வைத்துக்கொள்ளக்கூடியது. ஜூம் நிகழ்வில் உங்கள் கைக்கு வருவதும் பெரும்பாலும் அந்த விழுக்காடுதான். கனெக்ட் அதே செய்தியை அப்படியே அடுத்த படத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. 30 ஆண்டு அச்சில் 80-ஆம் விழுக்காடு ஒரு நாள். 18 ஆண்டு அச்சில் அதே 80-ஆம் விழுக்காடு இன்னொரு நாள். இரண்டு படங்களும் ஒரே நீளத் தரவைக் கொண்டிருந்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. நீங்கள் நீளம் வேறுபட்ட தரவைக் கொடுத்ததால் தப்பாமல் வெளிப்பட்டது.

ஆகவே படங்களுக்கிடையே விழுக்காடு பயணிக்கக் கூடாது. திரையின் பிக்சலும் கூடாது. ‘412-ஆவது புள்ளி’ போன்ற வரிசை எண்ணும் கூடாது. இவை மூன்றும் அந்தந்தப் படத்தின் உள்வீட்டுச் செய்திகள். வெளியே போக வேண்டியது தரவின் மொழியில் உள்ள மதிப்பு மட்டும்: ‘2018 ஜூலை 1 முதல் 2018 ஆகஸ்ட் 31 வரை’. ஒரு படத்தில் இழுப்பு நடந்தவுடன், அந்தப் படமே தன் அச்சின் அளவுகோலைக் கொண்டு அதைத் தேதியாக மாற்றி வெளியே வைக்க வேண்டும். பெறுகிற படம் அந்தத் தேதியைத் தன் அளவுகோலால் திரும்பவும் பிக்சலாகவோ விழுக்காடாகவோ மாற்றிக்கொள்ள வேண்டும். டேட்டாஜூமில் தொடக்க மதிப்பு, இறுதி மதிப்பு என்று தேதியையே நேராகக் கொடுக்கும் வழியும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

‘வெளியே வைப்பது’ என்றேன். அந்த வெளி எங்கே இருக்கிறது என்பதே இந்த இழையின் முதன்மையான கேள்வி என்று கருதுகிறேன். என் விடை, எந்தப் படத்துக்குள்ளும் இல்லாத ஒரு ஸ்டோர், அதாவது தெரிவுகளைச் சேமித்து வைக்கும் பொது இடம். படங்கள் ஒன்றோடொன்று பேசக் கூடாது. எல்லாம் ஸ்டோரோடு மட்டுமே பேச வேண்டும்.

அளவுகோல் எழுதியது:

தறிநூல் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். தேதியாகவே பகிர வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் நான்கே படங்களுக்கு ஒரு ஸ்டோர் தேவையா? நிகழ்வுகளை எல்லோருக்கும் அறிவிக்கும் ஒரு சிறிய ‘ஈவென்ட் பஸ்’ போதும். இழுத்தவர் ‘காலம் மாறியது’ என்று அறிவிப்பார். மற்றவர்கள் கேட்டு மாறிக்கொள்வார்கள். 30 வரி நிரலில் முடியும். இப்படிப் பல பக்கங்களை எழுதியிருக்கிறேன்; நன்றாகவே ஓடுகின்றன.

தறிநூல் எழுதியது:

நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். அதை விட்டதற்கு எனக்கு இருந்த காரணத்தைச் சொல்கிறேன். அறிவிப்பு என்பது ஒலித்தவுடன் காற்றில் போய்விடுகிறது. அந்த நேரத்தில் இருந்தவர்களுக்கே அது கேட்கும். பயனர் ஒரு காலப்பகுதியைத் தேர்ந்த பிறகு, நீராண்டு ஒப்பீடு என்ற தாவலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் அப்போதுதான் பிறக்கிறது. தனக்கு முன்னால் என்ன அறிவிக்கப்பட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைசி அறிவிப்பை எங்காவது எழுதி வைக்க வேண்டியிருக்கும். எழுதி வைத்த இடத்துக்குப் பெயர் ஸ்டோர் என்று ஆகிவிடுகிறது. தரவு வலையிலிருந்து தாமதமாக வந்து ஒரு படம் மீண்டும் வரையப்படும்போதும் இதே சிக்கல்தான் எழும்.

அளவுகோல் எழுதியது:

தாமதமாகத் திறக்கும் படத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. என் பக்கங்களில் எல்லாப் படங்களும் தொடக்கத்திலேயே இருந்தன. அதனால் அந்தக் குறை எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஸ்டோருக்கு உடன்படுகிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

ஸ்டோர் ஒன்றை வைத்தேன். தேதிகளாகப் பகிர்ந்ததும் இரண்டு கோடுகளும் ஒரே மாதத்தைக் காட்டுகின்றன, மிக்க நன்றி. ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. மேட்டூர் படத்தை நகர்த்தினால் ஸ்டோர் மாறுகிறது. ஸ்டோர் மாறியதால் கீழ்ப்படத்தை நிரல் நகர்த்துகிறது. நிரல் நகர்த்தியதையும் அந்தப் படம் ஜூம் நிகழ்வாகவே அறிவிக்கிறது. அது மறுபடி ஸ்டோரை மாற்றுகிறது. ‘இப்போது நகர்த்துவது நிரல்’ என்று குறிக்கும் ஒரு கொடியை (ஆம்/இல்லை மாறியை) ஏற்றி இறக்கித் தடுத்துப் பார்த்தேன். சில நேரம் கொடி இறங்கிய பிறகு நிகழ்வு வந்து சேர்கிறது.

தறிநூல் எழுதியது:

கொடியை எடுத்துவிடுங்கள். நிகழ்வு எப்போது வரும் என்பதை நூலகம்தான் முடிவு செய்கிறது. அசைவூட்டம் இயங்கினால் அது இன்னும் தள்ளிப்போகும். நேரத்தை நம்பிக் கட்டும் தடுப்பு என்றைக்காவது ஒரு நாள் உடையும்.

இரண்டு தடுப்புகளைச் சேர்த்துப் போடுங்கள். முதலாவது, மனிதர் செய்ததையும் நிரல் செய்ததையும் பிரித்தறிவது. டி3-இல் இழுத்துத் தேர உதவும் பிரஷ் இதை நேர்த்தியாகவே செய்கிறது: பயனர் சுட்டியால் இழுத்தால் நிகழ்வின் சோர்ஸ்ஈவென்ட் என்ற புலத்தில் அந்தச் சுட்டி நிகழ்வு இருக்கும், நிரல் நகர்த்தியிருந்தால் அது வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருந்தால் ஸ்டோரைத் தொடாதீர்கள். ஈசார்ட்ஸில் படத்தை நிரலிலிருந்து இயக்கும் டிஸ்பேட்ச்ஆக்‌ஷனுக்கு, நிகழ்வை அறிவிக்காமல் அமைதியாகச் செய் என்று சொல்லும் தெரிவு ஒன்று இருக்கிறது. பிளாட்லி என்ற இன்னொரு வரைபட நூலகத்தில், படத்தின் அமைப்பை மாற்றும் ரீலேஅவுட்டை நிரலிலிருந்து அழைத்தாலும் ரீலேஅவுட் நிகழ்வு கிளம்பும். அங்கே இரண்டாவது தடுப்புதான் கைகொடுக்கும்.

அந்த இரண்டாவது தடுப்பு ஸ்டோரின் வாசலில் இருக்க வேண்டும். புதிதாக வருகிற மதிப்பு இருக்கிற மதிப்புக்குச் சமமாக இருந்தால், யாருக்கும் அறிவிக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும். ‘சமம்’ என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். தேதி பிக்சலாகி, பிக்சல் மறுபடி தேதியாகும்போது சில மணிகளோ சில நாட்களோ நகர்ந்துவிடும். 30 ஆண்டுகள் 1,000 பிக்சலில் அடங்கினால், ஒரு பிக்சல் ஏறத்தாழ 11 நாட்கள் அல்லவா? அதனால் முதலில் உங்கள் தரவின் இயல்பான அலகான நாளுக்கு முழுமையாக்கிவிட்டு, அதன் பிறகே ஒப்பிடுங்கள். இன்னொன்று: ஸ்டோரில் உள்ள தேதியைப் பெற்று வரைந்த படம், தான் வரைந்ததைத் திரும்ப அளந்து ஸ்டோருக்கு அனுப்பவே கூடாது. ஸ்டோரில் இருப்பதே உண்மை. திரையில் இருப்பது அதன் தோராயம்.

நெய்தல்_நிரல் எழுதியது:

ஹிஸ்டோகிராம் தன்னையே விழுங்கிக்கொள்ளும் சிக்கலை யாரும் இன்னும் தொடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு படத்தில் தூரிகைபோல் இழுத்துச் சில புள்ளிகளைத் தொட்டால் மற்றப் படங்களிலும் அதே புள்ளிகள் ஒளிர வேண்டும் என்பது பழைய எண்ணம். ரிச்சர்டு பெக்கரும் வில்லியம் கிளீவ்லாண்டும் 1987-இல் சிதறல் வரைபடங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை ஒழுங்காக வகுத்தார்கள். நாம் இன்றும் ‘பிரஷ்’ என்றே சொல்லிவருகிறோம். அங்கே தொட்ட புள்ளிகள் ஒளிரும், மற்றவை போய்விடுவதில்லை. நாம் டாஷ்போர்டு கட்டும்போது ஒளிரச் செய்வதற்குப் பதிலாக வடிகட்டத் தொடங்கினோம். அங்கேதான் உங்கள் சிக்கல் பிறக்கிறது.

2012-இல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட கிராஸ்ஃபில்டர் நூலகம் இதற்கு ஒரு தெளிவான விதியை வைத்தது: ஒரு பரிமாணத்தின்மேல் (தேதி, நீர்வரத்து போன்ற ஒரு புலத்தின்மேல்) தொகுக்கப்படும் எண்ணிக்கை, மற்ற எல்லாப் பரிமாணங்களின் வடிகட்டிகளுக்கும் கட்டுப்படும், தன் பரிமாணத்தின் வடிகட்டிக்கு மட்டும் கட்டுப்படாது. உங்கள் பக்கத்தில் இதன் பொருள், ஹிஸ்டோகிராம் காலத் தெரிவுக்கு ஏற்ப மாறும். ஆனால் ஹிஸ்டோகிராமில் இழுத்த 50,000 கனஅடி என்ற தெரிவு, நீர்மட்டக் கோடுகளையும் நீராண்டுப் படத்தையும் மட்டுமே மாற்றும். அப்போது ‘இந்த மாதங்களில் மற்ற அளவுகள் எத்தனை நாட்கள்?’ என்ற ஒப்பீடு ஹிஸ்டோகிராமில் கண்முன்னே இருக்கும். தெரிவின் விளிம்பைப் பிடித்து அகலப்படுத்தவும் முடியும்.

அது உள்ளே இயங்கும் விதமும் அழகானது. தரவின் ஒவ்வொரு வரிசைக்கும் (உங்களிடம், ஒரு நாளின் பதிவுக்கும்) ஒரு முழு எண். அந்த எண்ணில் ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஒரு பிட். ஒரு பரிமாணத்தின் வடிகட்டி அந்த வரிசையை விலக்கினால் அந்தப் பிட் எழும். தன் பிட்டைத் தவிர மற்ற எல்லாம் சுழியமாக இருந்தால் அந்த வரிசை எண்ணிக்கையில் சேரும். பிரஷை நகர்த்தும்போது புதிதாக உள்ளே வந்தவை, வெளியே போனவை ஆகியவற்றுக்கு மட்டும் கணக்கைத் திருத்துவதால், பத்து லட்சம் வரிசைகளுக்கும் அது விரைவாகவே ஓடியது. உங்கள் 11,000 வரிசைகளுக்கு இதில் எதுவும் தேவையில்லை; ஒவ்வொரு முறையும் முழு வரிசையையும் ஒரு சுற்று சுற்றி வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் முடிந்துவிடும். நூலகம் வேண்டாம், அந்த விதி மட்டும் வேண்டும்.

அந்த விதியைக் கடைப்பிடிக்க, ஸ்டோரில் ‘என்ன தெரிவு’ என்பதோடு ‘யார் வைத்த தெரிவு’ என்பதும் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ஒரே ஒரு ‘வடிகட்டப்பட்ட தரவு’ பட்டியலை ஸ்டோரில் வைத்து எல்லாப் படங்களுக்கும் கொடுப்பவர்கள்தான் நீங்கள் சொன்ன முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்கள். 2023-இல் ஜெஃப்ரி ஹீர், டொமினிக் மோரிட்ஸ் இருவரும் முன்வைத்த மொசைக் கட்டமைப்பிலும் இதுதான் அடிப்படை: ஒவ்வொரு தெரிவும் தன் மூலம், மதிப்பு, நிபந்தனை ஆகியவற்றைச் சுமந்துகொண்டிருக்கும்; ஒரு படம் கேட்கும்போது, அந்தப் படமே வைத்த நிபந்தனையை நீக்கிவிட்டு மற்றவற்றை இணைத்துத் தரும்.

காவிரிக்கரை எழுதியது:

யார் வைத்தது என்பதையும் சேர்த்தேன். ஹிஸ்டோகிராம் இப்போது மிகச் சரியாக இருக்கிறது. ஒரு சந்தேகம். வடிகட்டுவதால் நீர்மட்டக் கோடு துண்டுதுண்டாகிறது. 50,000 கனஅடிக்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் எஞ்சும்போது, அவற்றுக்கிடையே ஈசார்ட்ஸ் நேர்கோடு இழுத்துவிடுகிறது. இல்லாத நாட்களுக்கு நீர்மட்டம் இருந்ததுபோல் ஒரு பொய்யான சரிவு தெரிகிறது.

நெய்தல்_நிரல் எழுதியது:

நல்ல வேளையாகக் கவனித்தீர்கள். காலக் கோட்டில் வடிகட்டாதீர்கள். 1987-இன் வழிக்கே திரும்புங்கள். முழுக் கோட்டையும் வெளிர்சாம்பலில் பின்னணியாக வைத்துவிட்டு, தெரிவில் அடங்கும் நாட்களை மட்டும் அதன்மேல் புள்ளிகளாகவோ அடர்ந்த நிறத்திலோ வரையுங்கள். ஒரே தெரிவை ஹிஸ்டோகிராம் ‘எண்ணு’ என்று புரிந்துகொள்ளலாம்; கோடு ‘ஒளிரச் செய்’ என்று புரிந்துகொள்ளலாம். ஸ்டோர் ‘எந்த நாட்கள்’ என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு எப்படி நடந்துகொள்வது என்பது அந்தந்தப் படத்தின் உரிமை.

அளவுகோல் எழுதியது:

செயல்வேகம் பற்றி நான் சேர்க்கக்கூடியது இருக்கிறது. ஸ்டோர் வேண்டாம் என்று முன்பு சொன்னதற்கு, அதனால் பக்கம் முழுவதும் மந்தமான அனுபவமே காரணம். இப்போது நினைத்துப் பார்த்தால் அது ஸ்டோரின் குற்றமில்லை, எல்லாவற்றையும் ஒரே ஸ்டோரில் ஒரே வேகத்தில் ஓடவிட்ட என் குற்றம்.

சுட்டி எந்த நாளின்மேல் நிற்கிறது என்ற ஹோவர் நிலை, விநாடிக்குப் பல பத்து முறை மாறும். விட்டவுடன் அதற்கு மதிப்பே இல்லை. காலத் தெரிவு சில விநாடிகளுக்கு ஒரு முறை மாறும், நாளைக்கும் தேவைப்படலாம். இரண்டையும் ரியாக்டின் ஒரே கான்டெக்ஸ்டில் (பொதுவாகப் படிக்கும் மதிப்புகளின் தொகுப்பில்) வைத்தால், சுட்டி அசையும் ஒவ்வொரு முறையும் அந்தக் கான்டெக்ஸ்டைப் படிக்கும் எல்லாக் காம்பொனென்டுகளும் (பக்கத்தின் பகுதிகளும்) மறுபடி ஓடும். ஹோவரை ரியாக்டுக்கு வெளியே ஒரு சிறிய பொருளில் வையுங்கள். ஒவ்வொரு படமும் அதை நேரடியாகக் கேட்டு, ஒரு செங்குத்துக் கோட்டை மட்டும் நகர்த்தட்டும். உலாவி திரையைப் புதுப்பிக்கும்போது மட்டும் நிரலை ஓட்டும் ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேமில் சேர்த்துவிட்டால், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிக்கு ஒரு முறைக்கு மேல் எதுவும் வரையப்படாது. காலத் தெரிவைப் பொறுத்தவரை, 2022-இல் வந்த ரியாக்ட் 18-இன் யூஸ்சிங்க்எக்ஸ்டெர்னல்ஸ்டோர் என்ற ஹுக்கோ, ஜூஸ்டாண்ட் போன்ற நூலகமோ, ஒரு காம்பொனென்ட் தனக்குத் தேவையான துண்டை மட்டும் கேட்கும்படி செய்கிறது.

இழுக்கும்போதே எல்லாம் மாற வேண்டுமா, விட்ட பிறகு மாறினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஹீரும் ஜிசெங் லியுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மறுமொழியில் அரை விநாடி தாமதத்தைக் கூட்டியபோது பயனர்கள் செய்யும் செயல்களும் அவர்கள் எட்டிப்பார்க்கும் தரவின் பரப்பும் குறைந்தன. உங்கள் தரவு சிறியது. எல்லாம் உலாவியிலேயே இருக்கிறது. இழுக்கும்போதே மாற்றுங்கள்.

தூரதேசி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு, காவிரிக்கரை தனிச்செய்தியில் கொடுத்த சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் டொரான்டோவில் இருக்கிறேன். எனக்கு எல்லா நாட்களும் ஒரு நாள் முந்தித் தெரிகின்றன. அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு நீங்கள் போட்டிருக்கும் குறியீட்டுக் கோடு, என் திரையில் ஜூன் 11-இல் நிற்கிறது.

ஜாவாஸ்கிரிப்டில் ‘2018-07-23’ என்று நேரமில்லாத தேதியைக் கொடுத்தால் அது யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாகக் கொள்ளப்படும். ‘2018-07-23’-உடன் நேரத்தையும் சேர்த்து, மண்டலத்தைச் சொல்லாமல் கொடுத்தால் அது பார்ப்பவரின் உள்ளூர் நேரமாகக் கொள்ளப்படும். இந்தியாவில் முதலாவது காலை 5:30. அதே நாள்தான் என்பதால் அங்கே யாருக்கும் தெரியாது. இங்கே அது முந்தைய நாள் இரவு. உங்கள் அளவுகள் நாளுக்கு ஒன்று, காலை 8 மணிக்கு எடுத்தவை; அவற்றுக்கு நேர மண்டலமே தேவையில்லை. ஸ்டோரில் தேதிப் பொருளை வைக்காமல், ‘2018-07-23’ என்ற எழுத்துச் சரத்தையே வையுங்கள். சமமா என்று பார்ப்பதும் எளிதாகிவிடும். தறிநூல் சொன்ன இரண்டாவது தடுப்பு இதனால் இன்னும் உறுதியாகும்.

இன்னொரு வேண்டுகோள். நான் தேர்ந்த காலப்பகுதியை ஊரில் உள்ள என் சித்தப்பாவுக்கு அனுப்ப நினைத்தேன். முகவரியை நகலெடுத்து அனுப்பினால் அவருக்குத் தொடக்கப் பக்கமே திறக்கிறது.

தறிநூல் எழுதியது:

தூரதேசி சொன்னது ஸ்டோரின் இயல்பான அடுத்த படி. தெரிவுகளை யூஆர்எல்லில் (பக்கத்தின் முகவரியில்) எழுதுங்கள். தரவின் மொழியில் வைத்திருப்பதால் இது இப்போது எளிது. விழுக்காடாக வைத்திருந்தால், நாளை ஒரு நாளின் அளவு கூடுதலாகச் சேர்ந்தவுடன் பழைய இணைப்புகள் எல்லாம் வேறு காலத்தைக் காட்டத் தொடங்கிவிடும்.

இழுக்கும் ஒவ்வொரு கணமும் எழுதாதீர்கள். விட்ட பிறகு எழுதுங்கள். சஃபாரி, 30 விநாடிகளுக்குள் 100 முறைக்கு மேல் உலாவி வரலாற்றை மாற்ற முயன்றால் பிழை எறிந்து தடுத்ததை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். ஒரு புதிய தெரிவுக்கு, வரலாற்றில் புதிய பதிவைச் சேர்க்கும் புஷ்ஸ்டேட், இருக்கும் தெரிவின் விளிம்பைத் திருத்தினால், இருக்கும் பதிவையே மாற்றும் ரீப்ளேஸ்ஸ்டேட் என்று வைத்துக்கொண்டால், உலாவியின் பின்செல் பொத்தானே ‘முந்தைய தெரிவுக்குத் திரும்பு’ என்று ஆகிவிடும். ஹோவர் யூஆர்எல்லுக்குப் போகக் கூடாது.

காவிரிக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் செய்தேன். இப்போது நீராண்டுப் படத்தில் மட்டும் திணறிக்கொண்டிருக்கிறேன். அதன் கிடைமட்ட அச்சு ஜூன் 1 முதல் மே 31 வரை. ஆண்டு என்பது அச்சில் இல்லை, ஒவ்வொரு ஆண்டும் ஒரு கோடு. அங்கே ஒருவர் ஜூன் 12 முதல் ஜூலை 31 வரை இழுத்தால், ஸ்டோரில் தொடக்கத் தேதி, இறுதித் தேதி என்று எதை எழுதுவது? அவர் கேட்பது 30 ஆண்டுகளிலும் அந்த நாட்களை. இதுதான் டெல்டா விவசாயிகளுக்கு மிகவும் தேவைப்படும் கேள்வி என்பதால் விட்டுவிடவும் மனமில்லை. 2024-இல் ஜூன் 12-இல் திறக்க நீரில்லை. ஆனால் ஜூலை முடிவதற்குள் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. அந்த ஏழு வாரங்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நெய்தல்_நிரல் எழுதியது:

உங்கள் ஸ்டோரில் ‘காலப்பகுதி’ என்று ஒரே பெட்டி இருப்பதால்தான் திணறுகிறீர்கள். தொடர்ச்சியான ஒரு காலப்பகுதியும், ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு பருவமும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். ஸ்டோரில் இருப்பது பெட்டிகளாக இல்லாமல் நிபந்தனைகளின் பட்டியலாக இருக்கட்டும். ‘தேதி இதற்கும் இதற்கும் இடையில்’ என்பது ஒரு வகை. ‘நீராண்டின் நாள் இதற்கும் இதற்கும் இடையில்’ என்பது இன்னொரு வகை. ‘நீர்வரத்து இதற்கு மேல்’ என்பது மூன்றாவது. ஒவ்வொரு நிபந்தனையும், ஒரு நாளின் வரிசையைக் கொடுத்தால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லத் தெரிந்ததாக இருந்தால் போதும். பெறுகிற படம் அது எந்த வகை என்று அறிய வேண்டிய தேவையே இல்லை.

அப்படியானால் மேட்டூர் கோட்டில், 30 ஆண்டுகளிலும் அந்த ஏழு வாரங்கள் மட்டும் ஒளிரும். கோடு நெடுக முப்பது குறுகிய பட்டைகளாகத் தெரியும். ஹிஸ்டோகிராம் அந்த நாட்களின் நீர்வரத்தை மட்டும் எண்ணும். மூன்று வகை நிபந்தனைகளையும் சேர்த்தால், ‘2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில், ஜூன் 12 முதல் ஜூலை 31 வரை, 50,000 கனஅடிக்கு மேல் வந்த நாட்கள்’ என்று கேட்கலாம். நீங்கள் ஒரு வரிகூடப் புதிதாக எழுதாமல் அது வேலை செய்யும்.

நீராண்டின் நாளை எண்ணும்போது பிப்ரவரி 29-ஐ மறவாதீர்கள். 1 முதல் 365 வரை எண்ணினால், நெட்டாண்டில் மார்ச்சிலிருந்து மே வரை எல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடும். ‘மாதம்-நாள்’ என்றே ஒப்பிடுங்கள். ஜனவரி முதல் மே வரையிலான மாதங்கள் டிசம்பருக்குப் பின்னால் வரும்படி வரிசையை மட்டும் திருப்பிக்கொள்ளுங்கள்.

தூரதேசி எழுதியது:

நிரல் எழுதாத ஒருவரின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். முன்பு சொன்ன சித்தப்பா, நான் அனுப்பிய இணைப்பைத் திறந்து பார்த்துவிட்டு என்னை அழைத்தார். “நீர்வரத்து எப்போதும் இவ்வளவு அதிகமாகவா இருக்கிறது?” என்று கேட்டார். இணைப்பிலேயே 50,000 கனஅடித் தெரிவு இருந்தது. படத்தில் மெல்லிய சாம்பல் கட்டமாக அது இருந்ததை அவர் காணவில்லை. கைபேசியில் ஹிஸ்டோகிராம் திரைக்குக் கீழே போய்விடுகிறது. ஆகவே தெரிவு எங்கோ கீழே இருக்கிறது, அதன் விளைவு மட்டும் மேலே தெரிகிறது. அவர் ஐந்து ஏக்கரில் சாகுபடி செய்கிறவர். ஒரு படத்தைத் தவறாகப் படிப்பது அவருக்குச் சிறிய செய்தி இல்லை.

அளவுகோல் எழுதியது:

இதை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். படங்கள் நிலையைப் பகிர்ந்துகொண்டால் போதாது. பார்ப்பவரிடமும் அதைப் பகிர வேண்டும். ஸ்டோரில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் பக்கத்தின் உச்சியில், எப்போதும் கண்ணில் படும்படி, ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும்: ‘நீர்வரத்து விநாடிக்கு 50,000 கனஅடிக்கு மேற்பட்ட நாட்கள் மட்டும். மொத்த நாட்களில் இத்தனை.’ பக்கத்தில் ஒரு நீக்கும் பொத்தான். விசைப்பலகையால் செல்பவர்களுக்கும் திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் தெரிவை மாற்ற இழுப்பைத் தவிர வேறு வழி இல்லாமல் போகக் கூடாது. அங்கேயே தொடக்கத் தேதிக்கும் இறுதித் தேதிக்கும் உள்ளீட்டுப் பெட்டிகளை வைத்தால், அவையும் ஸ்டோரோடு பேசும் இன்னொரு ‘படம்’போல ஆகிவிடும்.

காவிரிக்கரை எழுதியது:

நிபந்தனைப் பட்டியலுக்கு மாற்றி எழுத இரண்டு மாலைகள் ஆயின. உச்சியில் வாக்கியங்கள் வந்துவிட்டன. பருவத் தெரிவில் மேட்டூர் கோடு முப்பது பட்டைகளாக ஒளிர்ந்ததைப் பார்த்தபோது, 2024-இன் பட்டை மட்டும் அடியிலிருந்து உச்சிவரை செங்குத்தாக ஏறியிருந்தது. எண்களாகப் பலமுறை பார்த்ததுதான். ஆனால் மற்ற ஆண்டுகளின் பக்கத்தில் வைத்து அதைப் பார்த்தது இதுவே முதல் முறை.

ஒரு கடைசிக் கேள்வி. கிருஷ்ணராஜசாகரிலிருந்து விடும் நீர் மேட்டூருக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும். சுட்டி மேல்படத்தில் ஒரு நாளில் நிற்கும்போது, கீழ்ப்படத்தின் செங்குத்துக் கோடு அதற்குச் சில நாட்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஹோவர் பொருளில் இரண்டு தேதிகளை வைக்கலாமா?

தறிநூல் எழுதியது:

வேண்டாம். ஒரே தேதிதான்: மேட்டூரின் தேதி. கிருஷ்ணராஜசாகர் படம் அதைப் பெறும்போது தன் இடைவெளியைக் கழித்து வரையட்டும். அந்தப் படத்தில் சுட்டி நின்றால், வெளியே சொல்வதற்கு முன் அதே இடைவெளியைக் கூட்டிக்கொள்ளட்டும். இடைவெளி எத்தனை நாள் என்பதைப் பயனரே மாற்றும்படி ஒரு சிறிய பெட்டியை அந்தப் படத்தின் ஓரத்தில் வையுங்கள். நீரின் வேகம் வெள்ளக் காலத்தில் ஒன்றாகவும் வறண்ட காலத்தில் ஒன்றாகவும் இருக்கும். செங்குத்துக் கோட்டின் தலையில் தேதியையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கோடுகளும் ஒரே நாள் என்று பார்ப்பவர் எண்ணிவிடுவார்.

காவிரிக்கரை எழுதியது:

செய்துவிட்டேன், தேதியோடு நிற்கிறது. தூரதேசி, புதிய இணைப்பை உங்கள் சித்தப்பாவுக்கு அனுப்பி, உச்சியில் உள்ள வாக்கியங்கள் அவருக்குப் புரிகின்றனவா என்று கேட்டுச் சொல்லுங்கள். சொற்களை அவருக்கு ஏற்றபடி மாற்றிவிடுகிறேன்.